சுகிர்தம் வீட்டு ஆகாசத் தண்ணீர்

1

இந்தக் கதை பிறந்த விதத்தைச் சொன்னால் இதன் மரியாதை போய்விடும். பரவாயில்லை, இருந்தால்தானே போவதற்கு.

மதுரையிலிருந்து வரும் ஒரு மாதப் பத்திரிகையில் இல்லத்தரசிகள் பக்கத்துக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'ஈரம் உறிஞ்சும் மெஷினில் சேரும் தண்ணீரை வீட்டில் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி?' பெரியகுளத்தில், ஃபேன் வாங்குவதற்கே யோசிக்கிற தெருவில் குடியிருப்பவன் நான். என்னிடம் ஏன் கேட்டார்கள் என்றால், எதைக் கேட்டாலும் மறுக்காமல் எழுதிக் கொடுக்கிறவன் என்று பெயர் வாங்கியிருந்தேன். வேறு பெயர் வாங்கவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: 'காற்றில் கலந்துள்ள ஈரப்பதமானது குளிர்ந்த குழாய்களின் மீது படியும்போது' – எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் பாடம் மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

பிறகு: 'தாய்மார்களே, உங்கள் வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் தினமும் வீணாகிறதா' – சோப்பு விற்க வந்தவன் குரல். அதையும் விட்டேன்.

முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்த என் மனைவி ராஜமணி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இந்த மெஷின் எங்க போடித் தெருவுல இருந்துச்சே. அடுத்த வீட்டு சுகிர்தம் அத்தைகிட்ட. அந்தத் தண்ணியாலதான அவ்வளவு பெரிய சண்டை."

கட்டுரை அங்கேயே நின்றுபோயிற்று.

2

எழுபத்தெட்டாம் வருஷம், ஆடி மாதம். ராஜமணிக்கு அப்போது கல்யாணமாகவில்லை. போடியில் பிறந்த வீட்டில் இருந்தாள். அடுத்த வீடு ஏலக்காய் வியாபாரி ஜேசுராஜுடையது. முன்பாதி கடை, பின்பாதி குடித்தனம், நடுவில் மூட்டை அறை. ஆடிச் சாரல் ஆரம்பித்ததும் மலையிலிருந்து இறங்கும் ஈரக் காற்று அந்த அறைக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். முந்தின வருஷம் நல்ல விலைக்காக நிறுத்தி வைத்திருந்த சரக்கெல்லாம் பச்சை நிறம் போய், பூசணம் பிடித்து, கொட்டவேண்டியதாயிற்று. அந்த வயிற்றெரிச்சலில் ஜேசுராஜ் கொச்சி வரைக்கும் போய், மூடிப்போன ஏதோ ஆபீசின் தட்டுமுட்டுச் சாமான்களோடு கிடந்த மெஷினை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். அது அறைக் காற்றை இழுத்து, ஈரத்தைப் பிழிந்து, அடியில் வைத்த வாளியில் சொட்டுச் சொட்டாக விடும்.

அந்த ஆடியில் மேல்மலையில் மழை கொட்டி, மண் சரிந்து, ஊருக்குத் தண்ணீர் வரும் குழாய் உடைந்துபோயிற்று. ஊருக்குள்ளோ வெறும் சாரல். வீட்டுக் கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். ஜேசுராஜுக்குத் தெரிந்தவர் தோப்பிலிருந்து தினமும் மாட்டுவண்டியில் இரண்டு குடம் நல்ல தண்ணீர் வரும்.

(மழைத் தண்ணீரைப் பிடித்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது, கேட்டேன். ராஜமணி என்னைப் பார்த்தாள். "சாரல்ல கொடியில கெடக்குற துணி நனையும். குடம் நெறையுமா? போடியில பொண்ணெடுத்துட்டு இதுகூடத் தெரியல உங்களுக்கு.")

ஜேசுராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும்போது அவர் வீட்டில் மட்டும் காற்றிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது சொன்னார், டீக்கடையில் சொன்னார், சரக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்: "ஆகாசத் தண்ணி. மண்ணே தொடாத தண்ணி. இதைவிடச் சுத்தம் எங்கன இருக்கு?" அவர் அதில் ஒரு வாய் குடித்ததாகத் தகவல் இல்லை.

3

அவர் மனைவி சுகிர்தத்தைப் பற்றி 'அமைதியே உருவான' என்று எழுதினேன். ராஜமணி பேனாவைப் பிடுங்கி அந்த வரியை அடித்தாள். "அத்தை வாயத் தொறந்தா பஜாரு வரைக்கும் கேக்கும்."

சரி. வாய் பெரிய சுகிர்தம், முதல் நாள் அந்த வாளியைப் பார்த்து எல்லாரையும்போல் சந்தோஷப்பட்டாள். கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீரில் கடைத் தரையைக் கழுவினாள். பிறகு ஒரு தடவை வாளியைக் கொட்ட மறந்து, மறுபடி கையை விட்டபோது அடியில் வழவழவென்று பாசி வழுக்கியது. வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பார்த்தாள். துணியில் லேசாகப் பச்சை ஏறியிருந்தது, புளிக்குழம்பு ஆறிக் கிடந்த பித்தளைப் பாத்திரத்தில் ஏறுமே, அந்தக் களிம்புப் பச்சை. மெஷினின் பின்பக்க மூடியைக் கழற்றினால், செம்புக் குழாய்க்கு மேல் கறுப்பாகப் பூசணம்.

அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள். வீடு கழுவ, கக்கூசுக்கு ஊற்ற, சாக்குத் துணி அலச, வாசலில் நிற்கும் குரோட்டன்ஸ் செடிக்கு விட – இதற்கெல்லாம் ஆகும். குடிக்க, சமைக்க, வாய் கொப்பளிக்க, தட்டுக் கழுவ, கறிவேப்பிலைக் கன்றுக்கு விட ஆகாது. வாளியை அன்றன்றைக்குக் காலி செய்து தேய்த்துக் கழுவவேண்டும். காய்ச்சினால் சரியாகிவிடாதா என்று ஜேசுராஜ் கேட்டதற்கு, "காய்ச்சுனா பூச்சி சாகும். களிம்பு சாகுமா?" என்றாள்.

பத்திரிகை கேட்ட கட்டுரை இவ்வளவுதான். ஆசிரியர் இந்த ஒரு பத்தியைக் கத்தரித்துப் போட்டுக்கொண்டு மீதியைத் திருப்பி அனுப்பலாம்.*

* ஜேசுராஜ் இந்தத் தண்ணீரை ஜீப் பேட்டரிக்கும் விட்டாராம். பேட்டரி போய்விட்டது. தண்ணீரால் போயிற்றா, வயசாகிப் போயிற்றா தெரியாது. பேட்டரிக்குக் கடையில் விற்கும் தண்ணீரையே விடுங்கள்.

4

கம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் மூக்கம்மாள் வீடு. அவள் மகள் பாண்டியம்மாள் பிரசவத்துக்கு வந்து, பெண் குழந்தை பெற்று, காய்ச்சலில் படுத்துப் பால் வற்றிப்போய்க் கிடந்தாள். குழந்தைக்கு டின் பால்மாவுதான். உப்புத் தண்ணீரில் கரைத்தால் கக்கிவிடும். மூக்கம்மாள் ஒரு காலையில் சின்னக் குடத்தோடு சுவரோரம் வந்து நின்றாள். இரண்டு பேரும் புது மணப்பெண்களாக ஒரே வருஷம் அந்தத் தெருவுக்கு வந்தவர்கள்.

"சுகிர்தம், பச்சப்புள்ளைக்கு ஒரு குடம் அந்த ஆகாசத் தண்ணி தாயேன். உங்க வீட்டுக்காரவுக அவ்வளவு சுத்தமின்னு சொன்னாக."

இந்த இடத்தில் சுகிர்தம் 'அது குடிக்க ஆகாது அக்கா' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும்; நானும் தூங்கப் போயிருப்பேன். ஏன் சொல்லவில்லை? 'அவள் மனத்தில் எண்ணங்கள் அலை அலையாக' – வேண்டாம், நேராகவே சொல்கிறேன். கடையில் விருதுநகர் வியாபாரி வைகுண்டராஜ் உட்கார்ந்திருந்தார். அந்த வருஷச் சரக்கு முழுவதையும் எடுப்பதாகப் பேச்சு. மெஷின் தண்ணீரில் பூசணம் என்றால், அந்தக் காற்றிலே கிடக்கிற ஏலக்காயில் என்ன இருக்கும் என்றுதான் அவர் கேட்பார். முந்தின வருஷம் கொட்டிய சரக்கின் நாற்றம் பஜாருக்கு இன்னும் மறக்கவில்லை. இன்னொரு வருஷம் அப்படிப் போனால் கடையை மூடவேண்டியதுதான்.

சுகிர்தம் குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். வாளியைப் பார்த்தாள். பிறகு அடுக்களையில் மூடி வைத்திருந்த வண்டித் தண்ணீரைச் சாய்த்து, மூக்கம்மாள் குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள்.

"இந்தாக்கா. புள்ளைக்கு மட்டும் வச்சுக்கோ."

"ஆகாசத் தண்ணியா?"

"ஆமா."

5

அது ஒரு நாளோடு நிற்கவில்லை. தினமும் ஒரு குடம் சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. ஜேசுராஜுக்கு மட்டும் நல்ல தண்ணீர்; சுகிர்தம் கிணற்று உப்புத் தண்ணீரைச் சீரகம் போட்டுக் காய்ச்சிக் குடித்தாள். அவர் ஒரு நாள் தெரியாமல் அவள் தம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, "என்ன இது, கடலு மாதிரி கரிக்குது" என்றார். "ஒடம்புக்கு நல்லது" என்றாள்.

(இப்படி ஒரு தியாகியை எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ராஜமணியிடம் சொன்னேன். "தியாகமெல்லாம் இல்ல. அத்தைக்குப் பொய்ய ஒத்துக்கிறதுக்குப் பதிலா உப்புத் தண்ணி குடிக்கிறது சுலுவு. அவுக அப்படித்தான்" என்றாள்.)

குழந்தை தேறியது. கக்குவது நின்று, கன்னத்தில் சதை பிடித்தது. அங்கேதான் சனி பிடித்தது. மூக்கம்மாளால் சந்தோஷத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. தெரு முழுக்கச் சொன்னாள். "எல்லாம் அந்த ஆகாசத் தண்ணி செஞ்ச வேலை. மருந்துல்ல அது."

6

ஒரு காலையில் ஜேசுராஜ் கடை வாசலில் பெண்கள் தூக்குவாளியும் சொம்புமாக வந்து நின்றார்கள். முன்னால் கருத்தம்மாள், இடுப்பில் வயிற்றுப்போக்கில் துவண்ட பிள்ளையோடு. வைகுண்டராஜும் இருந்தார், கையில் ஏலக்காயை உருட்டிப் பார்த்தபடி.

"பாத்தீகளா தம்பி, ஊரே வந்திருச்சு" என்று ஜேசுராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியைத் தாமே தூக்கி வந்தார். கருத்தம்மாள் சொம்பை நீட்டினாள். பிள்ளை சொம்பைப் பார்த்து வாயைத் திறந்தது.

உள்ளிருந்து வந்த சுகிர்தம் வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தாதீக. இது குடிக்கிற தண்ணி இல்ல. வீடு கழுவுற தண்ணி. பூசணமும் களிம்புமா கெடக்கு."

கூட்டத்திலிருந்த மூக்கம்மாள்தான் முதலில் கேட்டாள். "அப்ப எம்பேத்திக்கு என்னத்தத் தந்த?"

"அது வண்டித் தண்ணிக்கா. எங்க வீட்டுத் தண்ணி."

"மெஷின் தண்ணின்னுல்ல சொன்ன?"

"சொன்னேன்."

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா?"

பஜார் வரைக்கும் கேட்கும் சுகிர்தத்தின் வாய் அன்றைக்கு அடைத்துப்போயிற்று.

வைகுண்டராஜ் கையிலிருந்த காயை முகர்ந்து பார்த்தார். கீழே வைத்தார். "நான் யோசிச்சுச் சொல்றேன் அண்ணாச்சி" என்று செருப்பை மாட்டினார்.

7

இனிமேல் ஜேசுராஜ் என்ன செய்தார்?

முதல் முடிவு: மனைவியைக் கைநீட்டி அடித்தார். (எழுதி முடித்ததும் ராஜமணி, "அவுக அடிக்கிற ஆளில்ல. கதைக்குச் சூடு வேணுமின்னா அடுப்புகிட்டப் போயி உக்காருங்க" என்றாள்.)

இரண்டாம் முடிவு: 'என் கண்ணைத் திறந்துவிட்டாய் சுகிர்தம்' என்று – இல்லை. யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை, நாடகத்தில் தவிர.

நடந்தது இது. ஜேசுராஜ் வாளியைக் கீழே வைத்தார். அடுக்களைக்குப் போய், மிச்சம் இருந்த ஒரு குடம் வண்டித் தண்ணீரையும் தூக்கிவந்து, கருத்தம்மாளின் சொம்பில் ஆரம்பித்து, தீரும் வரைக்கும் ஊற்றினார். அப்புறம் மூட்டை அறைக்குள் போய், மெஷினின் பின்மூடியைத் தாமே கழற்றி, பிரஷ் வைத்து அந்தக் கறுப்பைத் தேய்க்க உட்கார்ந்தார். சாயங்காலம் வரைக்கும் தேய்த்தார். சுகிர்தம் காபி கொண்டுபோய் வைத்தபோது மட்டும், தலையைத் தூக்காமல், "எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

வைகுண்டராஜ் திரும்பி வரவில்லை. சரக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் பேச்சு பரவிவிட்டது. கம்பத்து வியாபாரி ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் போனார். கடை மூடப்படவில்லை, பெருகவும் இல்லை.

8

கடைசியாக மூக்கம்மாள். நாலைந்து நாள் அவள் சுவர்ப் பக்கமே வரவில்லை. மலைக் குழாயைச் சரிசெய்து ஊருக்குத் தண்ணீர் வந்த அன்று வந்தாள். ராஜமணி தன் வீட்டு அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். (ஒட்டுக்கேட்டாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டாள்.)

சுகிர்தம் மெஷின் வாளியோடு கொல்லையில் நின்றாள். மூக்கம்மாள் சொன்னாள்:

"உங்க வாய்க்கு வச்சிருந்த தண்ணின்னு சொன்னா நான் வாங்கியிருக்க மாட்டேனுதான பொய் சொன்ன? இல்ல, கடைக்குக் கேடு வந்திருமின்னு சொன்னியா? இதுல எதுன்னு மட்டும் சொல்லு. அப்புறம் நான் கேக்க மாட்டேன்."

சுகிர்தம் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா," என்றாள், "நான்

இந்த இடத்தில் ராஜமணியின் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. அவள் ஓடிப் போனாள்.

நானும் எவ்வளவோ எழுதிப் பார்த்தேன். 'அக்கா, நான் உனக்காகத்தான்' என்றால் அது முழு உண்மை இல்லை. 'கடைக்காகத்தான்' என்றால் தினமும் அவள் குடித்த உப்புத் தண்ணீருக்குக் கணக்கு இடிக்கிறது. 'ரெண்டும்தான்' என்றால் அது வக்கீல் பேச்சு, சுகிர்தம் பேச்சில்லை. போடிக்குப் போய் அவளிடமே கேட்டுவிடலாம் என்றேன். "கேட்டுப் பாருங்களேன், வாளியோட வருவாக" என்றாள் ராஜமணி.

அடுப்பைத் துடைத்துவிட்டு அவள் ஜன்னலுக்குத் திரும்பியபோது கொல்லையில் யாரும் இல்லை. மூக்கம்மாள் வீட்டுக் கூடத்தின் கதவு திறந்திருந்தது. சுகிர்தம் வாளியைச் சாய்த்து மெஷின் தண்ணீரைத் தரையில் ஊற்ற, மூக்கம்மாள் குனிந்து விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் முதுகும் குலுங்கிக்கொண்டிருந்தன. சிரித்தார்களா அழுதார்களா என்று கேட்டேன்.

"முதுகுதான தெரிஞ்சுச்சு," என்றாள் ராஜமணி.

ஆகவே சுகிர்தத்தின் வாக்கியத்தை மூடாமல் விட்டிருக்கிறேன். அவள் வாயால் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்குப் பட்டால், அந்த 'நான்' என்பதற்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் காட்டவேண்டாம். ராஜமணி அடித்துவிடுவாள்.