முதலில் தொட்டவன்

சீன நாட்காட்டியில் ஆவிகள் வெளியே உலவும் ஏழாம் மாதம். தைவானின் சின்ச்சுவில் சர்வர் அறை வாசலில் மேசை போட்டு, அலையும் ஆவிகளுக்குப் பழமும் பிஸ்கட்டும் படைத்திருந்தார்கள். உள்ளே யாஜிங்குக்குத் தலை வெடித்தது. ஆம்புலன்ஸ் அழைப்புகளைத் தாங்கும் மெய்நிகர் கணினி திக்கித் திணறியது. காலையில் ஒரு கிழவர், "மூச்சு விட முடிய..." என்னும்போதே குரல் அறுந்துபோனதை அவள் காதால் கேட்டிருந்தாள். சாயங்கால நெரிசலுக்குள் சரிசெய்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். அந்தக் கணினியின் நினைவகம் பெரும்பக்கங்கள் எனும் பெரிய துண்டுகளாக, பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும்படி இருந்தது. சர்வரில் இரண்டு செயலிகள். ஒவ்வொன்றின் அருகிலும் தனி நினைவகம்; எட்ட இருப்பதை எடுத்தால் தாமதமாகும். அழைப்புகள் வந்துசேரும் வலது செயலியிடம் உட்கார் என்று யாஜிங் விதி போட்டிருந்தாள். கேட்டால்தானே! ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் அத்தனை பக்கமும் இடதில் போய்ச் சப்பணம் போட்டுவிடும்.

"யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரியே இருக்குண்ணே."

"வெளிய அவ்வளவு படைச்சிருக்கோம், பத்தலையாமா அவங்களுக்கு?" என்று சிரித்தார் குழுத் தலைவர் லாய். "பகிர்ந்த பக்கம் முதல்ல தொட்டவன்கிட்டதான் உட்காரும். உன் விதி போய்ச் சேர்றதுக்குள்ள எவனோ தொட்டுடறான். எவன்னு பாரு."

பார்த்தாள்.

ஒரு சின்ன நிரல். இயக்குபவர்: போஷெங். வசந்தகால மழையில் பைக் சறுக்கிச் செத்துப்போன போஷெங். அவளோடு சேர்ந்து தங்கள் கல்யாண விருந்துக்கு மண்டபம் பார்த்துவைத்திருந்தவன். அழைப்பு வரும்போது ஒரு நொடியும் வீணாகக் கூடாதென்று, பக்கங்களை முன்கூட்டியே தொட்டுவைக்க எழுதியிருந்தான். அப்போது அழைப்புகளைக் கொண்டுவரும் நெட்வொர்க் கார்டு இடது செயலியில் இருந்தது. அவன் போனபிறகு வலதுக்கு மாற்றினார்கள். அதை அவனுக்கு யார் சொல்வது?

லாய் திரையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் நிறுத்தட்டுமாம்மா?"

"வேணாம்ணே. நானே..."

நிறுத்தும் கட்டளையை அடித்தாள்; என்டரை அழுத்தவில்லை. அவன் பெயரில் இந்த உலகத்தில் இன்னும் இயங்குவது இது ஒன்றுதான். பாவி, இதையும் என் கையாலா முடிக்கச் சொல்கிறாய் என்று மனசு குமுறியது. ஆனால் எங்கோ யாரோ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பார்கள்.

அழைப்புகளை மாற்று சர்வருக்குத் திருப்பிவிட்டு, நிரலை நிறுத்தினாள். கணினியை மறுபடி தொடங்கினாள். பக்கங்கள் சமர்த்தாக வலதில் உட்கார்ந்தன. குரல்கள் தெளிந்தன.

"துங் போஷெங்!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டாள்.

லாய் பதறினார். "ஐயோ, இந்த மாசத்துல முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிடாதேம்மா! வந்துடுவான்!"

"வரட்டும்ணே."

இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.