பின்னால் பாய்ந்த வண்டி

"இந்த வண்டி ஒரு அடி முன்னால போச்சுன்னா என் மீசையை எடுத்துடறேன்க்கா," என்றான் தம்பி ஜார்ஜ். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சர்ச்சிலிருந்து வந்த கையோடு, புனே கேம்ப்பில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஸ்கூட்டர் சைலன்சரின் கரியைச் சுரண்டி, பிளக்கைத் துடைத்து, பொறி விழும் நேரத்துக்கான பாயின்டையும் நானேதான் பொருத்தி வைத்திருந்தேன்.

உதைத்தேன். கிக்கர் என் காலைத் திருப்பி உதைத்தது. ஆனால் எஞ்சின் பிடித்துக்கொண்டது!

"பார்த்தியாடா!" என்று கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி பின்னால் பாய்ந்தது.

பாயின்டைத் தப்பாக வைத்திருக்கிறேன். எஞ்சின் தலைகீழாகச் சுற்றுகிறது. டூ ஸ்ட்ரோக்குக்கு எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான். பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் அலறிக்கொண்டு காம்பவுண்டு சுவரில் தாவி ஏறினான்.

"சொன்னேன்லக்கா, முன்னால போகாதுன்னு!"

பிரேக்கைப் பிடித்து நிறுத்தினேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். எஞ்சினை அணைக்க மட்டும் மனசே வரவில்லை.

"இறங்கி வந்து ஏறுடா. ஈரானி கடை வரைக்கும் இப்படியே போய் டீ குடிச்சிட்டு வருவோம்."

வழி பார்க்க வேண்டுமே என்று, என் முதுகோடு முதுகு ஒட்டி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தான். தெருவில் இறங்கினோம்.

"அக்கா, டாங்காக் குதிரை வருது! லெஃப்ட்ல திருப்பு!"

"யாரு லெஃப்ட்டுடா?"