அவள் நின்ற பக்கம்

1

இந்தக் கதை என் அக்கா வீட்டில் நடந்தது. முழுக்க என் கற்பனை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அக்காவும் மாமாவும் இதைப் படிப்பார்கள். (மாமா என்றால் அக்காவின் கணவர்.) எழுதட்டுமா என்று இருவரிடமும் கேட்டேன்.

"எழுதிக்கோ. ஆனா என்னைப் பாவமா காட்டிடாதே" என்றாள் அக்கா.

"லிஃப்ட்டைப் பத்தித் தப்புத்தப்பா எழுதிடாதேம்மா" என்றார் மாமா. லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் வேலை.

இருவருக்கும் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இப்படி ஆரம்பித்தேன்:

"வானைத் தொடும் கட்டடத்தின் உச்சியில், கம்பிவடங்களின் முனகலுக்கு நடுவே, தனிமையில் ஒரு மனிதன்—"

வேண்டாம். மாமா தனிமையில் இருக்கிற ஆள் கிடையாது. சாப்பாட்டு டப்பாவோடு இருக்கிற ஆள். மேலும், அந்தக் கட்டடத்துக்கு ஐந்தே மாடி.

2

சண்டையிலிருந்து தொடங்குவதுதான் நேர்மை.

அக்கா மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் பார்ப்பவள். வேறொரு ஊரின் பெரிய மருத்துவமனையில் கூடத்துக்கே தலைமையாக வரச் சொன்னார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துதான் மாமாவிடம் சொன்னாள்.

"முடிவு பண்ணிட்டு எதுக்குச் சொல்ற? சுவத்துல ஒட்டிட்டுப் போக வேண்டியதுதானே?"

"சொல்லியிருந்தா வேணாம்னிருப்பீங்க."

"கேட்டாத்தானே தெரியும்?"

அவ்வளவுதான். கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. அக்கா பெட்டியோடு போய் வேலையில் சேர்ந்தாள். அதற்குப் பிறகு சாவி எங்கே, குழாய்க்காரர் வந்தாரா என்கிற அளவுக்குத்தான் பேச்சு. பிறகு அதுவும் நின்றது.

[இங்கே நான், தங்கை, சமாதானம் செய்யப் போனதாக ஒரு பத்தி இருந்தது. நன்றாகவே வந்திருந்தது. ஆனால் நான் போகவில்லை. எடுத்துவிட்டேன்.]

3

இருவருக்கும் பொதுவாக மிஞ்சியது ஒரே ஒரு நூலக அட்டை. அக்காவுடையது. பொது நூலகத்தின் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் மின்னூல், செய்தித்தாள் எல்லாம் வீட்டுக்கே வரும். அக்கா போனில் நாவல் படிப்பாள். மாமா அதே கணக்கில், பழைய டேப்லெட்டில், பேப்பர் மட்டும் படிப்பார்.

ஒரு மதியம் லிஃப்ட்டின் இயந்திர அறையில் டப்பாவைக் காலி செய்துவிட்டுப் பேப்பரைத் திறக்கப் போனார். எண்ணெய்க் கை வழுக்கி, திரையில் பக்கத்திலேயே தெரிந்த ஒரு நாவலின் அட்டைப்படத்தில் பட்டது. திரையில் ஒரு கேள்வி: "வேறொரு கருவியில் நீங்கள் 212ஆம் பக்கத்தில் இருக்கிறீர்கள். அங்கே செல்லலாமா?"

"நான் எங்க இருக்கேன்னு அது எனக்கே சொல்லுதும்மா" என்றார் என்னிடம். "அப்புறம்தான் உறைச்சது. அது நான் இல்ல, அவ."

ஆமாம் என்று அழுத்தினார். பக்கம் திறந்தது. ஒரு வரியும் படிக்கவில்லையாம். சும்மா பார்த்துக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் 230. அதற்கு மறுநாள் 241. மருத்துவமனையில் கூட்டம் போலிருக்கிறது, குறைவாகத்தான் படித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாராம்.

4

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். கல்யாண வீட்டார் கொடுக்கும் அழைப்பிதழைக்கூட முழுசாகப் படிக்காத மனிதர், மனைவியின் நினைவில் நாவலைத் திறந்தார் என்றால் யார் நம்புவார்கள்? நேரிலேயே கேட்டேன்.

"உண்மையிலேயே படிச்சீங்களா மாமா?"

"முதல்ல எங்க படிச்சேன்? அவ எங்க இருக்கான்னு பாத்தேன்."

அந்த ஒரு பதிலுக்காக அவரைக் கதையில் வைத்துக்கொள்கிறேன்.

படிக்கத் தொடங்கியது பிறகுதான். அக்கா நின்றிருந்த ஒரு பக்கத்தில், தீவில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு சகோதரிகள் எண்ணெய் டப்பாவுக்காக அடித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று புரியவில்லை. முதல் பக்கத்துக்குப் போனார்.

5

அக்காவின் புது ஊரில், வேலைக்குப் போகும் பேருந்தில் அவள் செயலியைத் திறக்கிறாள். "வேறொரு கருவியில் நீங்கள் 9ஆம் பக்கத்தில் இருக்கிறீர்கள். அங்கே செல்லலாமா?"

யாரோ திருடன் கணக்கில் புகுந்துவிட்டான் என்று பயந்துபோய் நூலக உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். எடுத்த நூலகர் பொறுமைசாலி.

"உங்க கணக்குல இன்னொரு கருவி இருக்குங்க. நீக்கிடட்டுமா?"

"நீக்கிடுங்க. ஒரு நிமிஷம், அது என்ன கருவின்னு தெரியுமா?"

"பேரு வச்சிருக்கீங்களே. 'சமையலறை'ன்னு."

அந்தப் பெயரை வைத்தவள் அக்காதான், டேப்லெட் வாங்கிய புதிதில். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி ஏதோ ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்திருக்கிறது. சிரிப்பா, வேறா என்று எழுதக் கூடாதென்று உத்தரவு.

"மேடம்? நீக்கட்டுமா?"

"வேணாங்க. இருக்கட்டும்."

"கடவுச்சொல்லையாவது மாத்திடுங்க, பாதுகாப்புக்கு."

"பரவாயில்ல. தெரிஞ்ச ஆள்தான்."

6

இதற்குப் பிறகு என்ன ஆனது என்பதை எழுத மூன்று விதம் முயன்றேன். மூன்றிலும் நான்தான் அதிகம் பேசினேன். அதனால் நடந்தது மட்டும்.

அக்கா யாரிடமும் மூச்சு விடவில்லை. தினமும் செயலியைத் திறப்பாள். 9 என்பது 30 ஆகும், 64 ஆகும். "அவர் பேப்பர்லகூட தலைப்புச் செய்திதான் படிப்பாரு" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். ரத்த மாதிரிகள் இயந்திரத்தில் சுற்றி முடிகிற இடைவெளியில் வழக்கம்போலத் தன் பக்கங்களைப் படித்தாள். கடைசி அத்தியாயத்தின் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

மாமா பின்னாலிருந்து மூச்சிரைக்கப் படித்துக்கொண்டு வந்தார். அக்காவின் எண் அசையவே இல்லை. முதல் நாள் ஒன்றும் தோன்றவில்லை. அப்புறம் சாப்பாடு இறங்கவில்லை. கதவு சரிசெய்ய வேண்டிய லிஃப்ட்டில் விளக்கைக் கழற்றிவிட்டு, அதைக் கையில் வைத்துக்கொண்டே போன் போட்டார்.

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

"நாலு நாளா ஒரே பக்கத்துல நிக்கிறியே."



"நீங்க வந்து சேரட்டும்னு நின்னேன்."

(இதற்குக் கீழே ஒரு அருமையான உவமை எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். நீங்கள் இழந்தது ஒன்றுமில்லை.)

7

கடைசி அத்தியாயத்தைச் சனிக்கிழமை அக்காவின் ஊரில் சேர்ந்து படிப்பதென்று பேச்சு. வெள்ளிக்கிழமை தவணை முடிந்து புத்தகம் தானாகவே நூலகத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. நீட்டிக்கப் பார்த்தால், "இயலாது. காத்திருப்போர் உள்ளனர்."

"புத்தகந்தான் போயிடுச்சே, எதுக்கு வர்றீங்க?"

"டிக்கெட் எடுத்தாச்சு."

போனார். அங்கே என்ன பேசினார்கள் என்று துருவித் துருவிக் கேட்டேன். "துணி காயப் போட்டோம்" என்றாள் அக்கா. மாமாதான் சொன்னார். கொடியில் போர்வையை விரித்தபடியே இவர் சொல்லியிருக்கிறார்: "கேட்டிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கணும்." போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா, "ஆமா, கேட்டிருக்கணும்" என்றிருக்கிறாள்.

இப்போது வாரா வாரம் போகிறார். நாவலில் வரும் தங்கை கடைசியில் படகில் ஏறித் தீவை விட்டுப் போய்விடுவாள் என்பது அவர் கட்சி. ஏறினாலும் பாதி வழியில் திரும்பிவிடுவாள் என்பது அக்கா கட்சி. இதற்கே ஞாயிற்றுக்கிழமை போதவில்லை.

8

முடிவுக்கு வரவேண்டும். மாமா அந்த ஊருக்கே வேலை மாற்றிக்கொண்டு போகலாம். லிஃப்ட் இல்லாத ஊர் ஏது? அக்கா பதவியை விட்டுவிட்டு வரலாம். (வரமாட்டாள். வரவும் கூடாது என்பது என் கட்சி.) இப்படியே பேருந்தும் போர்வையுமாகக் காலம் ஓடலாம்.

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: அந்தப் புத்தகத்துக்குக் காத்திருந்தவள் நான். அக்கா எப்போதோ நன்றாக இருக்கிறது என்று சொன்னதால் வரிசையில் பெயர் போட்டுவிட்டு மறந்தே போயிருந்தேன். இப்போது அது என் போனில் இருக்கிறது. எனக்கு அடுத்து வரிசையில் இருப்பவர்கள் அவர்கள்தான்.

நேற்று அக்கா கூப்பிட்டாள். "முடிச்சுட்டியா? முடிவைச் சொல்லிடாதே. சீக்கிரம் திருப்பிக் குடுடீ, தவிப்பா இருக்கு."

வைத்த கையோடு மாமா. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவசரமே இல்லம்மா. நிதானமா படி. நல்ல புத்தகம், ஓட்டாதே."

கடைசி அத்தியாயத்தின் முதல் வரியில் நிற்கிறேன். கீழே இரண்டு பொத்தான்கள்: "தொடர்ந்து படி", "இப்போதே திருப்பிக் கொடு". போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். உங்களுக்கும் இப்படி ஒரு அக்கா இருந்தால், ஒரு மாமா இருந்தால், எதை அழுத்துவீர்கள்?