மூன்றாவது கம்பி

கப்பல் மாடல் கட்டுகிறவர்களின் சங்கத்தில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கட்டியதைப் பிரித்துப் போட்டுவிடுவார். அடுத்தவன் கட்டியதாக இருந்தால் பிரிக்கச் சொல்லி உயிரை வாங்குவார். அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் கை நடுங்க ஆரம்பித்தது. டாக்டர் ஒரு மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, வயசானா இதெல்லாம் வரும் என்றார். வயசானா வரும் என்பதைத் தெரிந்துகொள்ள டாக்டர் எதற்கு என்று இவர் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மனைவி டம்ளரில் பாதி டீதான் ஊற்றினாள். சட்டைப் பித்தானையும் அவளே மாட்டிவிட்டாள். கழுத்துப் பித்தானுக்கு அவள் வரும்போது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

"இது ஒண்ணுதான் இன்னும் நானே செய்யறது" என்பார், மேஜை மேலிருந்த மாடல் படகைக் காட்டி.

அது அவர் எஞ்சின் டிரைவராக வேலை பார்த்த படகு. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆட்களை ஏற்றி இறக்கிய பழைய இரும்புப் படகு. நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் மேஜையில் ஒரு சென்டிமீட்டர். ஊரிலுள்ள கப்பலையெல்லாம் கட்டிவிட்டுக் கடைசியில்தான் சொந்தப் படகுக்கு வந்திருந்தார். காரணம் இருந்தது. அந்தப் படகை நினைத்தாலே அவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் அதன் கேப்டன் கரைக்கு வரும் வேகத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டு, படகைத் துறைச் சுவரில் கொண்டுபோய் மோதினார். விசாரணை வந்ததும், பின்னால் ஓட்டச் சொல்லி நான் மணி அடித்தேன், கீழே எஞ்சினைத் திருப்பிப் போடவில்லை என்று இவர் தலையில் கட்டிவிட்டார். மணி அடித்ததே மோதிய பிறகுதான். யார் கேட்டார்கள்? கேப்டன் வெள்ளைச் சட்டையில் இருந்தார், இவர் கரிச் சட்டையில் இருந்தார். வர வேண்டிய பதவி வரவில்லை, கடைசி வரை வரவில்லை.

அந்த மோதலில், வலப்பக்கக் கைப்பிடி வரிசையில் பின்முனையிலிருந்து மூன்றாவது கம்பி உள்பக்கமாக வளைந்து போனது. யாரும் அதை நிமிர்த்தவில்லை. எஞ்சின் அறைச் சூடு தாங்காமல் மேலே வரும்போதெல்லாம் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மூச்சு வாங்குவார். பிறகு படகை உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். கம்பியும் போனது. வாங்கிய பழி மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அதனால் மாடலில் கைப்பிடி வேலையைத் தொடங்கியபோது முதலில் நட்டதே அந்த மூன்றாவது கம்பியைத்தான். மெல்லிய பித்தளைக் கம்பி, ஒரு சென்டிமீட்டர் உயரம். குறடால் எத்தனையோ முறை வளைத்துப் பார்த்து, அச்சு அசலாக அந்த வளைவு வந்த பிறகு தளத்தில் ஒட்டினார். மற்றவற்றை நடுவதற்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. முழங்கைகளை மேஜையில் முட்டுக் கொடுத்து, மூச்சை அடக்கி, நடுக்கம் ஓயும் நொடிக்காகக் காத்திருந்து வைப்பார். வைத்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார். எல்லாம் நேராகத்தான் தெரிந்தன. கண்ணில் புரை முற்றிக்கொண்டிருந்தது வேறு விஷயம்.

மனைவிக்குக் கண் நன்றாகத் தெரியும். டீயை வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

கண்ணை ஆபரேஷன் செய்தார்கள். குனியக் கூடாது, தூசி படக் கூடாது, சில வாரம் மேஜைப் பக்கமே போகக் கூடாது என்றார்கள். மனைவி வேலை அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் கெஞ்சினார், கத்தினார், சாப்பிட மாட்டேன் என்றுகூட மிரட்டினார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கட்டுப்பாடு முடிந்து அறையைத் திறந்தபோது, படகைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துச் சங்கத்துப் போட்டிக்குத் தயாராக்கி இருந்தாள்.

"தூசி படும்னு உள்ள வச்சேன். மூடியைத் திறக்காதீங்க, நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போகணும்."

கண்ணாடி வழியாகப் பார்த்தார். இடப்பக்கக் கம்பிகள் இவர் பக்கம் இருந்தன. ஒவ்வொன்றும் அளவெடுத்த மாதிரி நின்றன. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா? கைதான் நடுங்குது, வேலை நடுங்கலை."

அவள் ஆமாங்க என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சங்கத்தின் ஆண்டுப் போட்டியில் அவருடைய படகுக்கு முதல் பரிசு. நடுவர் மைக்கைப் பிடித்து, இந்த வயதில் இப்படி ஒரு கைப்பிடி வரிசையை நான் பார்த்ததில்லை என்றார். எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். கோப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஆடாமல் இருக்கத்தான் அப்படிப் பிடித்தார், பார்த்தவர்களுக்கு ஆனந்தம் மாதிரி இருந்தது. ஆனந்தமும் இருந்தது.

கூட்டம் டீ குடிக்கப் போன பிறகு, பெட்டியைத் திறந்து படகை மெதுவாகத் திருப்பினார். மூன்றாவது கம்பியைத் தன் புதுக் கண்ணால் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசை.

வலப்பக்கத்தில் வளைந்த கம்பியே இல்லை. பின்முனையிலிருந்து மூன்றாவது, பக்கத்திலிருப்பவை போலவே விறைப்பாக நின்றது. குனிந்து பார்த்தார். ஒவ்வொரு கம்பியின் காலடியிலும் கடுகை விடச் சின்னதாக, பல் நிறத்தில் ஒரு பூச்சு. பல் அடைக்கிற சாந்து.

சங்கத்தில் ஒரே ஒரு பல் டாக்டர்தான் உண்டு. பல்லு என்று கூப்பிடுவார்கள். முப்பது வருஷச் சிநேகிதம். ஓய்வு பெற்ற பிறகும் கை கல்லாக நிற்கும் அவனுக்கு.

"பல்லு, இங்க வா" என்றார். அவன் வந்தான். "இது உன் வேலைதான?"

பல்லு பூசி மெழுகவில்லை. "தங்கச்சி கூப்பிட்டுச்சு, செஞ்சேன். உனக்குத் தெரிய வேணாம்னு சொல்லுச்சு."

"சரி. இந்த மூணாவதை எதுக்கு நிமிர்த்தின?"

"வளைஞ்சிருந்துச்சு."

"அது நான் வளைச்சதுய்யா. அது வளைஞ்சுதான் இருக்கணும். எத்தனை தடவை சொல்லியிருக்கேன் உன்கிட்ட அந்தக் கதையை."

"சொல்லியிருக்க." பல்லு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா எல்லாமே வளைஞ்சிருந்துச்சுப்பா. இதுல எது நீ வளைச்சது, எது உன் கை வளைச்சதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

குத்திக் காட்டச் சொல்லவில்லை அவன். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். கோபம் வந்திருந்தால்கூடப் பரவாயில்லை, வந்தது வெட்கம். அவன் நீட்டிய டீயை வாங்காமல் படகைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

வீட்டில் கோப்பையை மேஜையில் வைத்தார்.

"நீதான் கூப்பிட்டியா அவனை?"

"ஆமா."

"எதுக்கு?"

"கண்ணு தெளிஞ்சு வந்ததும் முதல்ல அதைத்தான் பாப்பீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? நீங்க செஞ்சது நல்லா இல்லைன்னா?" அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "பித்தான் மாட்டறப்பவே என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கறீங்க."

அடுத்த நாள் பித்தானை அவரே மாட்டிக்கொண்டார். ஒன்று ஏறி ஒன்று இறங்கி, கோணலாக மாட்டிய சட்டையோடு கடைக்குப் போய்ப் பித்தளைக் கம்பி வாங்கி வந்தார். அவள் பார்த்தாள். பாதி டீயை ஊற்றி வைத்தாள்.

பல்லு ஒட்டிய கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சாந்து லேசில் விடவில்லை, தளத்தின் பெயின்ட்டையும் பெயர்த்துக்கொண்டு வந்தது. பரிசுக் கோப்பையில் பிரஷ்களைப் போட்டு வைத்தார். மறுபடியும் முழங்கையை முட்டுக் கொடுத்து, மூச்சை அடக்கி, முதலில் மூன்றாவது கம்பி. பிறகு மற்றவை. இந்த முறை கண் அவருக்குக் கருணை காட்டவில்லை. ஒவ்வொரு கம்பியும் எவ்வளவு சாய்ந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அப்பட்டமாகத் தெரிந்தது. பிரித்து வைப்பார். அது இன்னொரு பக்கம் சாயும். மில்லிமீட்டர் என்று பெயர் வைத்தவர்களை மனதுக்குள் திட்டிக்கொண்டே அடுத்ததை எடுப்பார்.

கடைசிக் கம்பியை நட்ட மாலையில் மனைவி பாதி டம்ளர் டீயோடு வந்து பக்கத்தில் நின்றாள். வெகுநேரம் படகைப் பார்த்தாள்.

"எல்லாம் நானே நட்டது" என்றார்.

"தெரியுது" என்றாள். பிறகு, சமாதானமாகப் போக வேண்டும் என்ற நல்ல மனதோடுதான் கேட்டாள். "இதுல அந்த மோதின கம்பி எதுங்க?"

அவர் விரலை நீட்டினார். விரல் வரிசை மேல் அங்கும் இங்கும் ஆடியது. நன்றாகக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு விரலைப் பின்முனைக்குக் கொண்டுபோய், ஒண்ணு, ரெண்டு என்று எண்ணத் தொடங்கினார்.