நாலு பேர் போதும்

விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் ஐந்து பேர் குழுவுக்கு அவர் மேஸ்திரி. வாய் கொஞ்சம் நீளம், மனசு வெள்ளை. விமானத்தின் வயிற்றுக்குள் முட்டி போட்டுப் பெட்டி அடுக்கும் மச்சினனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது, மேலிடத்துக்குச் சொல்லாமல் மறைத்ததும் அவர்தான். சொன்னால் அவன் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அப்புறம் வீட்டில் மனைவி முகத்தில் எப்படி முழிப்பது?

"நீ பேசாம டிராலி பக்கத்துல நில்லு மாப்ள. தள்ற மாதிரி கைய மட்டும் வை. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

அவன் பங்கையும் மற்ற நாலு பேரும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள். யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்ற பயத்தில் முன்னைவிட வேகமாகவே செய்தார்கள். பாவிகள், அந்த வேகம்தான் வினையாகும் என்று யாருக்குத் தெரியும்?

ஒருநாள் எல்லாக் குழுக்களையும் மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி திரையில் படம் காட்டினார். நாட்டு வருமானத்தில் விமானத் தொழிலின் பங்கு இவ்வளவு, அதை நம்பிப் பிழைக்கும் ஓட்டல்களும் டாக்சிகளும் இவ்வளவு, இங்கே ஓர் ஆளின் உழைப்பு வெளியே பல பேரின் உழைப்புக்குச் சமம். மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கிய பெட்டிகளுக்கு இத்தனை மரியாதையா! மச்சினனை முழங்கையால் இடித்தார்.

"அதுலயும் இவங்கதான் முதல்," என்று அதிகாரி அவர்களைக் காட்டினார். "கேமராவுல பாத்தோம். ஒருத்தர் சும்மாதான் நிக்கறார். நாலு பேரே சீக்கிரமா முடிச்சிடறாங்க. இனிமே எல்லா குழுவுக்கும் நாலு பேர் போதும். யார் வேணாங்கறத மேஸ்திரிங்களே சொல்லணும். முதல்ல நீங்க சொல்லுங்க."

மேஸ்திரி மச்சினனைத் திரும்பிப் பார்த்தார். அவனுக்கு முடியவில்லை, அதனால்தான் மாடாய் உழைத்தோம் என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னாலும் போகப்போவது அவன்தான்.

"நான் போறேன் சார்."

"நீங்க போனா அந்த வேகம் வருமா?" அதிகாரி சிரித்தார்.

மச்சினன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முழுசாக நிமிர முடியவில்லை.

"நானே வேணாம்னு நின்னுட்டேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க மாமா."

பின்வரிசைகளில் ஒவ்வொரு குழுவும் யார் அந்த ஒருவன் என்று தனக்குள் முகம் பார்த்துக்கொண்டது. பிறகு எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள்.