விசுவாசத்தை அளக்க வந்தவர்

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் கல்முனையில் சரிந்த தென்னைகளில் ஒன்று அழகரெத்தினத்தின் இடுப்பில் விழுந்தது. அவர் அரிசி ஆலை லொறி ஓட்டியவர். மாதக்கணக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தார். கால்கள் இனி வராது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மனைவி சலோமி நாள்தோறும் ஜெபித்தாள். அமைதியான ஜெபம் அல்ல அது. அடுப்பை ஊதிக்கொண்டே ஆண்டவரோடு வாய்விட்டுச் சண்டை பிடிப்பாள்.

“நீர் தந்த கால்தானே? மரம் விழக்குள்ள பாத்துக்கொண்டுதானே இருந்தீர்? இனி நீர்தான் பொறுப்பு.”

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரைக் குளிப்பாட்டப் போவாள்.

அடுத்த வருடம் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து, தகரக் கொட்டகை போட்டுச் சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார். நான்கு பேர் அழகரெத்தினத்தைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பிரசங்கியார் அவர் தலையில் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். “எழும்பி நட!” என்று கத்தி, கையைப் பிடித்து இழுத்தார். அழகரெத்தினம் முகங்குப்புற மணலில் விழுந்தார்.

பிரசங்கியார் ஒருகணம் தடுமாறினார். பிறகு சனத்தைப் பார்த்துச் சொன்னார்: “இந்த வீட்டில் விசுவாசம் இல்லை. மறைந்த பாவம் ஒன்று இருக்கிறது.”

சலோமி கணவரின் வாயில் ஒட்டிய மணலைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டு எழுந்தாள்.

“ஐயா, பக்கத்து வீட்டுச் சபூறாட புள்ளைகள இழுத்தெடுக்க ஓடக்குள்ளதான் மரம் விழுந்தது. அதுதான் நீங்க சொல்ற பாவமா?”

“அம்மா, நீங்கள் கர்த்தரை நம்பினால்...”

“நம்புறன். இவர்ட கால் எழும்பினாலும் நம்புவன், எழும்பாட்டியும் நம்புவன். அத அளக்க ஒங்களுக்கு முழக்கோல் ஆர் தந்தது?”

“ஊழியக்காரரோட இப்பிடிக் கதைக்கப்படாது” என்றது ஒரு குரல்.

“என்ட புருசன இழுத்து விழுத்தவும்படாது!”

வீட்டுக்கு வந்தபின் அழகரெத்தினம் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “சலோமி, என்னட்ட விசுவாசம் இல்லத்தானோ?”

“இல்லாட்டி என்னட்டக் கொஞ்சம் எடுங்க. எனக்கு முடிஞ்சு போனா நான் ஒங்களிட்ட வாறன்.”

அன்றுதான் அவர், விபத்துக்குப் பிறகு முதல்தடவையாக, வாய்விட்டு அழுதார். அவளும் அழுதாள்.

விடிந்ததும் நடந்ததைக் கேள்விப்பட்டு சபூறா வந்தாள். “நானும் துஆக் கேட்டுக்கொண்டுதான் இரிக்கன் புள்ள. ஆனா வயிறு காத்துக்கொண்டு இரிக்காதே. எங்கட கடைக்கு இடியப்பம் அவிச்சுத் தாவன்” என்றாள். அவள் கணவர் சந்தையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார்.

சலோமி மா குழைத்தாள். அழகரெத்தினம் கதிரையில் இருந்தபடி இடியப்ப உரலில் பிழிந்தார். லொறிச் சுக்கான் பிடித்த கைகளில் பலம் குறையவில்லை. ஆம்பிளை இடியப்பம் பிழிகிறான் என்று தெருவில் சிலர் சிரித்தார்கள். “சிரிச்சிட்டு வாங்கித் தின்னுங்க” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை அவரைத் தள்ளுவண்டியில் கோயிலுக்குக் கொண்டுபோனாள். எல்லோரும் பார்ப்பார்கள், பின்வரிசையில் இருத்தினால் நல்லது என்று ஒருவர் காதோடு சொன்னார்.

“பாக்கட்டும்” என்று சொல்லி, முதல் வரிசை வாங்குக்கும் முன்னால் வண்டியை நிறுத்தினாள்.

அழகரெத்தினம் அதன்பின் நடக்கவே இல்லை. சலோமி ஆண்டவரிடம் கேட்பதையும் விடவில்லை.