வேட்டைப் படத்தின் வலது ஓரம்

நீளமான மரத் தொட்டியின் இரு முனைகளிலும் நின்று, ஞானையனும் உலகம்மையும் ஆளுயரப் போட்டோக் காகிதத்தை டெவலப்பர் கரைசலில் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தார்கள். சிவப்பு விளக்கின் வெளிச்சம் கைகள் தெரியும் அளவுக்குத்தான் இருந்தது. வெள்ளைக் காகிதத்தில் முதலில் காட்டெருமையின் கொம்பு வந்தது. அதன் கழுத்தில் பூட்ஸ் காலை ஊன்றியபடி எஸ்டேட் முதலாளி வந்தார். வலது ஓரத்தில், அவருடைய இன்னொரு துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தங்கப்பன் வந்தான்.

உலகம்மையின் கை நின்றுவிட்டது. கறை விழும், இழு என்றான் ஞானையன்.

"அண்ணாச்சி, இது எங்க வீட்டு ஆளுல்லா?"

ஞானையன் குனிந்து பார்த்தான். முதலாளிக்குச் சுமை தூக்கப் போன அவள் புருஷன் தங்கப்பனைக் கல்லாற்றுக் காட்டில் ஒரு காட்டெருமை குத்திக் கொன்றிருந்தது. நஷ்டஈடு கேட்டு உலகம்மை மனுப் போட்டபோது, அப்படி ஒருவன் தன்னோடு வரவே இல்லை, அவன் மரம் திருட வந்தவன் என்று முதலாளி சர்க்கார் கச்சேரியில் சொல்லிவிட்டார். வயிற்றுப்பாட்டுக்கு அவள் இந்த ஸ்டூடியோவில் தண்ணீர் சுமந்து, படம் அலசிக்கொண்டிருந்தாள்.

இந்தப் படத்தைக் கச்சேரியில் காட்டினால் போதும் என்றாள். கறை பட்டுவிட்டதாகச் சொல்லித் தந்துவிடுகிறேன் என்று ஞானையன் ஒத்துக்கொண்டான்.

படம் நிலைப்பதற்காக ஹைப்போவில் கிடக்கும்போதே ஸ்டூடியோக்காரர் பஞ்சாபகேசன் உள்ளே வந்தார். ஓரத்தில் நிற்கும் வேலைக்காரன் இருக்கக் கூடாதென்று முதலாளி ஆள் அனுப்பியிருந்தார். பஞ்சாபகேசன் ஈரப் படத்தைத் தூக்கிக் கிழித்தார். உலகம்மை அவர் காலில் விழுந்தாள். அந்த ஓரத் துண்டாவது வேண்டுமென்று கேட்டாள்.

"அடுத்தவா படம். எடுத்தா திருட்டு. உன்னையும் போலீஸ்காரன் பிடிச்சுண்டு போவான்" என்றார். பிறகு ஞானையனிடம் திரும்பினார். "அந்த மூலைய இருட்டாக்கிடு. காடுன்னு நெனச்சுக்கட்டும்."

ஞானையன் அவளைப் பார்க்கவில்லை. சுவரில் புதுக் காகிதத்தைக் குத்தி, என்லார்ஜர் விளக்கை ஏற்றினான். பிறகு அட்டையில் ஓட்டை போட்டு, அந்த இடம் கறுத்துப்போகும்படி தங்கப்பன் மேல் மட்டும் வெளிச்சத்தை விட்டுக்கொண்டே நின்றான். பஞ்சாபகேசன் கூடவே நின்றார். முடிந்ததும் கண்ணாடி நெகட்டிவை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஞானையனும் உலகம்மையும் மறுபடி தொட்டிக்கு வந்தார்கள். இந்தத் தடவை தங்கப்பன் நின்ற இடம்தான் முதலில் வந்தது. கன்னங்கரேலென்று வந்தது. உலகம்மை இழுத்தாள். கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து அலசினாள்.

சட்டம் போட்ட படத்தை வண்டியில் ஏற்றினால் கண்ணாடி உடையும் என்று பஞ்சாபகேசன் சொன்னதால், ஞானையனும் உலகம்மையும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு முதலாளியின் வழுதைக்காட்டு பங்களாவுக்கு நடந்தார்கள். சாலைக் கடைத்தெருவில் ஜனங்கள் விலகி வழி விட்டார்கள். அரிசிக் கடை வாசலில் நின்ற ஒரு கிழவர் படத்திலிருந்த முதலாளியை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.